வரப்பு எங்கே?

(கும்பகோணத்தில் வாசகர்கள் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



முன்வரிசையில் தூண் ஓரமாக உட்கார்ந்திருக்கும் மனிதரோடு நான் ஐம்பது வருடமாக வழக்காடிக்கொண்டிருக்கிறேன். கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். அவர் அரிசி மில்காரர் வீட்டுப் பிள்ளை. நான் பண்ணையாள் வீட்டுப் பிள்ளை. அரசாங்கம் என்றால் அவருக்கு நினைவு வருவது மில் வாசலில் வந்து நின்ற ஜீப்பு. எனக்கு நினைவு வருவது பள்ளிக்கூடத்தில் மத்தியானம் தட்டில் விழுந்த சோறு. எங்கள் இரண்டு பேருடைய அரசியலும் இந்த இரண்டு ஞாபகங்களிலிருந்து முளைத்தது. புத்தகங்கள் எல்லாம் பிறகு வந்தவை.

இந்தக் கூட்டத்தில் என்ன பேசலாம் என்று போன வாரம் டீக்கடையில் அவரிடமே கேட்டேன். "அரசாங்கம் எதுவரைக்கும் உள்ள வரலாம்? வரப்பு எங்கன்னு சொல்லுய்யா வாத்தியாரே. அத மட்டும் சொல்லு, போதும்" என்றார்.

டெல்டாக்காரர்களுக்கு வரப்பைப் பற்றி விளக்கவேண்டியதில்லை. ஒரு சாண் நகர்ந்தால் அண்ணன் தம்பிக்குள் கோர்ட்டு வழக்கு. அரசுக்கும் தனிமனிதனுக்கும் இடையே ஓடுகிற வரப்பும் அப்படிப்பட்டதுதான். அதைப் பற்றி உலகத்தின் பெரிய மூளைகள் சண்டை போட்டிருக்கின்றன, சண்டைக்கு நடுவே நட்பாகவும் இருந்திருக்கின்றன. 1944-இல் ஹாயெக் என்ற பொருளியலாளர் 'தி ரோட் டு செர்ஃப்டம்' என்ற புத்தகத்தை எழுதினார். பொருளாதாரம் முழுவதையும் அரசு திட்டமிட ஆரம்பித்தால் அது மக்களைக் கொத்தடிமைத்தனத்தில் கொண்டுபோய் விடும் என்பது அவர் வாதம். அரசு செலவு செய்து வேலையில்லாத் திண்டாட்டத்தைப் போக்கவேண்டும் என்ற கெய்ன்ஸ் எதிர்முகாமின் தலைவர். பிரெட்டன் வுட்ஸ் மாநாட்டுக்காக அமெரிக்காவுக்குக் கப்பலில் போகும்போது கெய்ன்ஸ் ஹாயெக்கின் புத்தகத்தைப் படித்தார். படித்துவிட்டு ஹாயெக்குக்குக் கடிதம் எழுதினார். அறநோக்கில் அந்தப் புத்தகத்தோடு தான் மனம் நெகிழ்ந்து உடன்படுவதாகச் சொன்னார். அடுத்து ஒரு கேள்வி கேட்டார். ஓரிடத்தில் கோடு போட்டுத்தான் ஆகவேண்டும் என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள், ஆனால் அதை எங்கே போடுவது என்று சொல்லவில்லையே?

எண்பது ஆண்டுகள் ஆகின்றன. கெய்ன்ஸ் கேட்டதைத்தான் என் நண்பர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கேட்கிறார்.

அவர் தன்னை லிபர்டேரியன் என்று சொல்லிக்கொள்வார். அதைத் தமிழில் சுதந்திரவாதம் என்று சொல்லலாம், சரியாகப் பொருந்தாவிட்டாலும். அதன் சாரம் எளிமையானது. என் உடம்பு எனக்குச் சொந்தம். என் உழைப்பு எனக்குச் சொந்தம். நேர்மையாக நான் சேர்த்ததும் எனக்குச் சொந்தம். யாரும் என்னை அடிக்காமல், திருடாமல், ஏமாற்றாமல், பேசிய பேச்சை மீறாமல் பார்த்துக்கொள்ள ஒரு அரசு வேண்டும். அதற்கு மேல் அரசு எதைச் செய்தாலும் ஒருவரிடமிருந்து பறித்துத்தான் செய்யமுடியும். இதை மிகக் கூர்மையாக எழுதியவர் ராபர்ட் நோசிக். 'அனார்க்கி, ஸ்டேட் அண்ட் யுடோப்பியா' என்ற அவர் புத்தகம் 1974-இல் வந்தது. உழைத்துச் சம்பாதித்ததன் மீது வரி போடுவது கட்டாய உழைப்புக்குச் சமம் என்று அதில் எழுதினார்.

மாணவராக இருந்தபோது நோசிக் ஒரு சோஷலிஸ்ட். எதிர்ப்பக்கத்து வாதங்களை உடைக்கப் போய், உடைக்க முடியாமல், அந்தப் பக்கமே போய்விட்டவர். வசதியானோரின் செல்வம் அடித்தட்டில் இருப்பவனுக்கும் பயன்பட்டால்தான் நியாயம் என்று 1971-இல் எழுதிய ஜான் ரால்ஸ் ஹார்வர்டில் அவருடைய துறையிலேயே இருந்தார். ரால்ஸை மறுக்க எழுதிய புத்தகத்திலேயே, இனி இந்தத் துறையில் யாரும் ரால்ஸைத் தாண்டிப் போகமுடியாது, ஏற்றுக்கொள்ளவேண்டும் அல்லது ஏன் ஏற்கவில்லை என்று சொல்லவேண்டும் என்று நோசிக் பாராட்டினார். தோற்கடிக்க நினைத்தவரை இவ்வளவு மரியாதையோடு படித்தாரே, அதுவே எனக்கு அவர்மேல் பிரியம் வரக் காரணம்.

இனி நம்மூருக்கு வருகிறேன்.

என் நண்பரின் அப்பா மில் நடத்திய காலத்தில் நெல்லை ஊர்விட்டு ஊர் கொண்டுபோகப் பர்மிட் வேண்டும். அரைத்த அரிசியில் ஒரு பங்கு அரசுக்கு லெவி. மாவட்ட எல்லையில் செக்போஸ்ட். ஒருமுறை கல்யாண வீட்டுக்கு அரிசி ஏற்றிப்போன வண்டியை நிறுத்திவிட்டார்கள். காகிதத்தில் ஒரு தேதி தவறு. விடியும்வரை அந்த மனிதர் ஒரு அலுவலக வராந்தாவில் நின்றார். தன் வயதில் பாதியே ஆன ஒருவரைக் கைகூப்பி 'ஐயா, ஐயா' என்று கூப்பிட்டார். பக்கத்தில் நின்றவர் அவருடைய பத்து வயது மகன், என் நண்பர். "எங்கப்பா திருடலய்யா. தன் அரிசியத் தன் சொந்தக்காரங்க வீட்டுக்குத்தான் கொண்டுபோனாரு" என்று இன்றைக்கும் சொல்வார். சொல்லும்போது குரல் உடையும். பல வருடம் அதை நான் ஒரு வியாபாரியின் புலம்பலாகத்தான் கேட்டேன். அது என் தவறு. ஒரு மனிதன் தன் பொருளுக்காக இன்னொரு மனிதனின் கையெழுத்துக்குக் காத்து நிற்கும்போது அவனுடைய நிமிர்வு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. எங்கள் தெருவில் பிறந்த எனக்கு அது மற்றவர்களைவிட முன்னதாகவே புரிந்திருக்கவேண்டும்.

இந்த அவமானத்துக்குப் பெயர் வைத்தவர் ராஜாஜி. 'பர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ்யம்' என்றார். 1959 ஜனவரியில் நாக்பூரில் காங்கிரஸ் கூட்டுறவுப் பண்ணைத் தீர்மானம் போட்டது. அதை எதிர்த்து அதே ஆண்டில் ராஜாஜி சுதந்திரா கட்சியைத் தொடங்கினார், எண்பது வயதைத் தாண்டிய பிறகு. என்.ஜி. ரங்காவும் மினு மசானியும் உடன் நின்றார்கள். 1962-இல் மக்களவையில் 18 இடம், 1967-இல் 44 இடம். பிறகு கட்சி கரைந்துபோனது. ஆனால் என் நண்பருக்கு ராஜாஜி என்றால் 1952 தான். அந்த ஆண்டு முதலமைச்சராக வந்த ராஜாஜி, வந்த இரண்டு மூன்று மாதத்துக்குள் உணவுத் தானியக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார். ரேஷன் போனால் பஞ்சம் வரும் என்று பயந்தவர்கள் பலர். பஞ்சம் வரவில்லை. பதுங்கிக் கிடந்த அரிசி கடைக்கு வந்தது. "பாத்தியா, கைய எடுத்தா சந்தை தானா நடக்குது" என்பார் நண்பர்.

பார்த்தேன். அதே 1952-இல் அதே ராஜாஜி தஞ்சாவூர் மாவட்டத்துக்கு வேறொன்றும் செய்தார். சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புக்கு அவசரச் சட்டம் கொண்டுவந்தார். குத்தகைக்காரனை நினைத்தபோது வெளியேற்றக்கூடாது. பண்ணையாளை நினைத்தபோது நிறுத்தக்கூடாது. அதுவரை மிராசுதாருக்கும் பண்ணையாளுக்கும் நடுவே அரசு என்று ஒன்று இல்லை. என் தாத்தா காலத்தில் தாமதமாக வந்தவனுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் உண்டு. சவுக்கடியைச் சந்தை நிறுத்தவில்லை. நிறுத்தியது செங்கொடிச் சங்கம், பி. சீனிவாசராவ் போன்றவர்கள் வயல் வயலாக நடந்து கட்டிய சங்கம்.

அரிசியிலிருந்து அரசின் கையை எடுத்தவர், பண்ணைக்குள் அதே கையை வைத்தார். ஒரே மனிதர், ஒரே வருடம். ராஜாஜியைத் தங்கள் ஆள் என்று கொண்டாடுகிறவர்களும், அவரைப் பணக்காரரின் வக்கீல் என்று ஒதுக்குகிறவர்களும் இந்த இரண்டையும் சேர்த்துப் படிப்பதே இல்லை. கம்யூனிஸ்டுகளின் வளர்ச்சிக்கு அணைபோடத்தான் அந்தச் சட்டம் என்று சொல்வோர் உண்டு. இருக்கலாம். என் அப்பாவுக்குக் காரணம் முக்கியமில்லை.

இந்த இடத்தில்தான் நண்பர் என்னை மடக்கினார். நாங்கள் முப்பது வயதில் இருந்தபோது ஒருநாள் கேட்டார்: "அந்தச் சட்டம் வந்தப்பறம் உங்கப்பாவ அந்தப் பண்ணையில வச்சிருந்தாங்களா?" வைத்திருக்கவில்லை. பண்ணையாள் என்று பேர் இருந்தால்தானே பாதுகாப்பு? மிராசுதார்கள் பண்ணையாட்களை நிறுத்திவிட்டு அன்றாடக் கூலிக்கு ஆள் வைத்தார்கள். டெல்டா முழுக்க நடந்த கதை அது. அப்பாவும் அப்படித்தான் நின்றுபோனார். "நல்ல எண்ணத்துல போட்ட சட்டம், எவனக் காப்பாத்தப் போட்டாங்களோ அவன் வேலையத்தான் மொதல்ல தின்னுது" என்றார் நண்பர். அன்று என்னிடம் பதில் இல்லை. சைக்கிளை மிதித்துக்கொண்டு வீட்டுக்குப் போய் அப்பாவிடமே கேட்டேன்.

அப்பா கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "மூணு வருசம் கஷ்டம்தான். ஆனா அதுக்கு அப்பறம் எந்த ஊருக்கு வேணும்னாலும் நடவுக்குப் போனேன். யார்கிட்டயும் கேக்கல."

இந்தப் பதிலை மறுநாள் நண்பரிடம் சொன்னேன். நாங்கள் இருவரும் வெகுநேரம் பேசாமல் இருந்தோம். அப்பாவின் பதில் யார் பக்கம்? விரும்பிய இடத்தில் உழைப்பை விற்கும் உரிமை அவருக்கு வந்தது. சுதந்திரவாதியின் கனவு அதுதானே? ஆனால் அந்த உரிமை அரசு விலகியதால் வரவில்லை, அரசு உள்ளே வந்து முட்டியதால் வந்தது. வந்ததும் சட்டம் நினைத்த வழியில் வரவில்லை, வேறு வழியில், மூன்று வருடப் பட்டினியோடு வந்தது. இன்றுவரை இந்த ஒரு வாழ்க்கையை எந்தக் கொள்கைப் பெட்டிக்குள்ளும் என்னால் மடித்து வைக்க முடியவில்லை.

வெண்மணியைப் பற்றியும் பேசாமல் தாண்டமுடியாது. 1968 டிசம்பர் 25. அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டவர்களின் குடிசையில் 44 பேர் எரிந்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். 1973-இல் உயர் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட நிலச்சுவான்தார்களை விடுவித்தது. தனிச்சொத்து புனிதம் என்று பேசும் நண்பரின் முன் இதை நான் ஒரு கல்லைப்போல வைத்தேன். அவர் கோபப்படவில்லை. "உயிரையும் உடம்பையும் காப்பாத்துறதுதான் அரசோட முதல் வேலைன்னு எங்க தத்துவம் சொல்லுது. போலீஸ், கோர்ட்டு, இவ்வளவுதான் நாங்க கேக்கறது. அந்த ராத்திரி அதுகூட அங்க இல்லையேய்யா. நூறு வேலையில கைய வச்ச அரசு, செய்யவேண்டிய ஒரு வேலையச் செய்யல" என்றார். இதைவிட நேர்மையான பதிலை நான் எந்த இடதுசாரியிடமும் கேட்டதில்லை. என் பக்கத்து ஆட்களான நாங்கள் அரசை மேலும் மேலும் பெரிதாக்கக் கேட்கிறோம். காவல் நிலையப் படியேறும் ஒரு சேரிக்காரனுக்கு அந்த அரசு எந்த முகத்தைக் காட்டுகிறது என்று கேட்க மறந்துவிடுகிறோம்.

அவர் கொண்டாடும் ராஜாஜியும் வரப்பைத் தாண்டியவர்தான். 1937-இல் சேலத்தில் மதுவிலக்கு. ஒருவன் தன் காசில் குடிப்பதைத் தடுக்கும் அதிகாரம் அரசுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் நண்பர் தலையை ஆட்டி ஒப்புக்கொள்வார். 1938-இல் பள்ளிகளில் கட்டாய இந்தி. எதிர்த்தவர்கள் நூற்றுக்கணக்கில் சிறைக்குப் போனார்கள். பெரியாரும் போனார். நடராசனும் தாளமுத்துவும் சிறைவாசத்தில் உயிர்விட்டார்கள். இருபத்தேழு வருடம் கழித்து, 1965-இல், அதே ராஜாஜி இந்தித் திணிப்பை எதிர்த்து நின்றார். மனம் மாறுவதற்கு வயது தடையில்லை என்பதற்கு இதைவிட எனக்குத் தெரிந்த உதாரணம் இல்லை. அவரைத் தன்னைச் சிறைக்கு அனுப்பியவராகவே பார்த்திருக்கவேண்டிய பெரியார், 1972-இல் ராஜாஜியின் உடல் எரியும் இடத்தில் கண்ணீர் விட்டு அழுதார். வாழ்நாளின் பெரும்பகுதி எதிரெதிரே நின்ற இரண்டு கிழவர்கள். இப்போது ஒரு கட்சிக்காரர் இன்னொரு கட்சிக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனால் அது செய்தியாகிவிடுகிறது. எனக்கு இது மிகவும் வலிக்கிறது.

இன்றைய அரசியலுக்கு வருகிறேன். அர்ஜென்டினாவில் 2023 டிசம்பரில் ஹாவியர் மிலே பதவி ஏற்றார். ஒரு நாட்டின் தலைவர் தன்னை வெளிப்படையாகச் சுதந்திரவாதத்தின் ஆள் என்று சொல்லிக்கொள்வது புதிது. 18 அமைச்சகங்களை 9 ஆக்கினார். அந்த ஆண்டு 211 சதவீதமாக இருந்த விலையேற்றம் அடுத்த ஆண்டு 118-க்கு இறங்கியது. நண்பர் அந்த எண்ணைக் கொண்டுவந்து என் முன் வைத்தார். நான் வறுமையின் எண்ணை வைத்தேன். 2024-இன் முதல் பாதியில் வறுமை 53 சதவீதத்தைத் தொட்டது. சில மாதம் கழித்து அவர் மறுபடியும் வந்தார். இரண்டாம் பாதியில் அது 38 ஆகியிருந்தது, மிலே வருவதற்கு முன்பு இருந்ததைவிடக் கீழே. உண்மை உண்மைதான், ஒப்புக்கொண்டேன். ஆனால் அந்த 53-க்குள் இருந்த வீடுகளில் ஆறு மாதம் என்ன சமைத்தார்கள் என்ற கேள்வியை நான் விடமாட்டேன். என் அப்பாவின் மூன்று வருடம் என் ரத்தத்தில் இருக்கிறது.

நம் ஊரில் மகளிர் உரிமைத் தொகை பற்றி நாங்கள் பேசியபோது ஆச்சரியமான ஒன்று நடந்தது. 2023 செப்டம்பரில் மாதம் 1000 ரூபாய் கொடுக்க ஆரம்பித்தார்கள். 'இலவசம்' என்று நண்பர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். "மிக்சி, ஃபேன், டிவின்னு அரசாங்கம் தானே முடிவு பண்ணி எடுத்துக் குடுக்கறதுக்கு, காசா குடுக்கறது எவ்வளவோ மேல். அந்தம்மாவுக்கு என்ன வேணும்னு அந்தம்மாவுக்குத்தான் தெரியும்" என்றார். நான்தான் தயங்கினேன். விலை ஏறினால் 1000 ரூபாய் சுருங்கும், ரேஷன் அரிசி சுருங்காது என்பது என் கவலை. அப்புறம் அவர் விண்ணப்பத்தின் நிபந்தனைகளைப் படித்தார். குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள். நன்செய் என்றால் ஐந்து ஏக்கருக்குள். மின்சாரம் வருடத்துக்கு 3600 யூனிட்டுக்குள். "உரிமைன்னு பேர் வச்சுட்டு, வீட்டுக்குள்ள வந்து கரண்டு பில்லப் பாக்கறாங்க பாரு" என்றார். அப்போது அவர் முகத்தில் அந்தப் பத்து வயதுப் பையனைப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. உரிமை என்றால் வாசலில் நிறுத்திக் கணக்குக் கேட்கக்கூடாது. எல்லோருக்கும் கொடு என்று அவரும் நானும் ஒன்றாகச் சொன்ன நாள் அது, ஒருவர் அரசைச் சந்தேகப்பட்டும், இன்னொருவர் அரசை நம்பியும்.

கடைசியாக, நான் பேச வந்ததிலேயே எனக்கு மிக முக்கியமானது பஞ்சமி நிலம்.

1891-இல் செங்கல்பட்டின் பொறுப்பு கலெக்டராக இருந்த டிரமென்ஹீர், பறையர் மக்களின் நிலையைப் பற்றி ஓர் அறிக்கை கொடுத்தார். நிலமில்லாமல் இவர்களுக்கு விடிவில்லை என்பது அதன் சாரம். 1892-இல் அரசு ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒப்படைக்க முடிவு செய்தது. சென்னை மாகாணத்தில் அப்படித் தரப்பட்ட பஞ்சமி நிலம் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் என்று சொல்வார்கள். முதல் பத்து வருடம் விற்கக்கூடாது, அடகு வைக்கக்கூடாது. அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்டோருக்கு மட்டுமே விற்கலாம். அந்த நிலத்தில் பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது என்பது இங்கே உட்கார்ந்திருக்கும் பலருக்குத் தெரியும். கடனுக்குப் போனது, மிரட்டலில் போனது, வெற்றுக் காகிதத்தில் வைத்த கைநாட்டில் போனது. 1994-இல் செங்கல்பட்டுப் பக்கம் காரணையில் இருந்த அந்த நிலத்தைக் கேட்டுப் போராடியபோது துப்பாக்கிச் சூட்டில் இரண்டு இளைஞர்கள் செத்தார்கள்.

நோசிக்கின் புத்தகத்தை நண்பர்தான் எனக்குப் படிக்கக் கொடுத்தார். படித்துவிட்டு ஒரு பக்கத்தை மடித்து அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். சொத்து நியாயமானதாக இருக்க, அது நியாயமாகக் கிடைத்திருக்கவேண்டும், நியாயமாகக் கைமாறியிருக்கவேண்டும். இரண்டில் ஒன்று தவறியிருந்தாலும் பழைய அநீதியைச் சரிசெய்யவேண்டும். இது நோசிக்கின் மூன்றாவது விதி. பழைய அநீதிகள் மிகப் பெரியவையாக இருந்தால், அவற்றைத் தீர்க்கக் குறுகிய காலத்துக்காவது விரிந்த அரசு தேவைப்படலாம் என்றும் அவர் எழுதியிருக்கிறார். சொத்துரிமையின் பெரிய காவலர் எழுதியது இது. அப்படியானால் பஞ்சமி நிலத்தை மீட்கச் சொல்வதற்கு நான் மார்க்ஸைத் தேடிப் போகவேண்டியதில்லை. நண்பரின் அலமாரியே போதும்.

நண்பர் இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, "நீ சொல்றது சரி. திருட்டுச் சொத்துக்குப் பட்டா இருந்தாலும் திருட்டுச் சொத்துதான். திருப்பிக் குடுக்கணும்" என்றார். தன் குடும்பத்து நிலங்களின் மூலப்பத்திரங்களையும் எடுத்துப் பார்க்கப்போவதாகச் சொன்னார். பார்த்தார். ஒரு துண்டு நிலத்தின் கதை சரியில்லை என்று தெரிந்தது. அதற்கு அவர் என்ன செய்தார் என்பது அவர் சொல்லவேண்டிய விஷயம், நான் சொல்லமாட்டேன்.

ஆனால் வந்த கையோடு ஒரு கேள்வியும் கொண்டுவந்திருந்தார். "நிலம் உங்க ஆளுக்குத் திரும்பி வந்துடுச்சுன்னு வை. அவன் பொண்ணு இன்ஜினீயரிங் படிக்கணும். நிலத்த நல்ல விலைக்குக் கேக்கறான் ஒருத்தன், வேற சாதிக்காரன். விக்கலாமா கூடாதா? கூடாதுன்னா, அது அவன் நிலமா, இல்ல அவன் மேல நம்பிக்கை இல்லாம அரசாங்கம் அவன்கிட்ட வச்சிருக்கற நிலமா?"

நான் கூடாது என்றேன். நூறு வருடமாக விற்பனை என்ற பேரில் நடந்தது என்னவென்று தெரிந்தவன் நான். சொன்ன அன்று இரவே என் மகளை நினைத்துக்கொண்டேன். அவள் படிப்புக்கு விற்க எனக்கு ஒரு துண்டு நிலம் இருந்திருந்தால், விற்கக்கூடாது என்று ஒரு கலெக்டர் சொன்னால், நான் என்ன சொல்லியிருப்பேன்? மில்காரர் விடியும்வரை வராந்தாவில் நின்றாரே, அந்த இடத்தில் என்னை நிறுத்திப் பார்த்தேன். எட்டு மாதமாக யோசிக்கிறேன். தடை இருக்கட்டும், கூடவே அந்தச் சமூகத்துக்குள்ளேயே நல்ல விலைக்கு வாங்க ஒரு நிதி இருக்கட்டும் என்பதுவரை வந்திருக்கிறேன். அது போதாது என்கிறார். ஏன் போதாது என்று அவரே உங்களிடம் சொல்லட்டும். எனக்குக் கொடுத்த நேரத்தில் இன்னும் கால் மணி இருக்கிறது. மைக்கை அவரிடம் கொடுக்கச் சொல்லுங்கள்.